பேட்டரியை விழுங்கலாமா?

போன தீபாவளி லீவில் அக்கா பையன் விளையாட்டுக் காரின் ரிமோட்டைப் பிரித்து, அதிலிருந்த பட்டன் செல்லை வாயில் போட்டுக்கொண்டான். நல்லவேளை, விழுங்குவதற்குள் விரலை விட்டு எடுத்துவிட்டேன். "காசு மாதிரிதானேடா, தானா வெளிய வந்துடும்" என்றார் பாட்டி.

காசு வேறு, செல் வேறு. அது 3 வோல்ட் லித்தியம் செல். உணவுக்குழாயில் சிக்கினால் அங்குள்ள ஈரமே வயர் மாதிரி ஆகி சர்க்யூட் முழுமையாகிவிடும். கெமிஸ்ட்ரியில் படித்த எலக்ட்ராலிசிஸ் ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் பிரிய சுமார் 1.23 வோல்ட்டாவது வேண்டும். இங்கே 3 இருக்கிறதே! நெகட்டிவ் பக்கம் காஸ்டிக் சோடா போன்ற காரம் உண்டாகி, 2 மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். செல் தீர்ந்தால்தான் என்ன, மிச்சமிருக்கும் வோல்டேஜே போதும். வீட்டில் யாராவது விழுங்கினால், வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, விழுங்கினாலும் கெடுதல் செய்யாத செல் உண்டா? 2023-ல் இத்தாலியின் மிலான் நகரில் மரியோ கைரோனி குழுவினர் ஒன்றைச் செய்து காட்டினார்கள். ரீசார்ஜும் செய்யலாம்! ஆனோடு ரிபோஃப்ளேவின். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீரை மஞ்சளாக்குமே, அதே வைட்டமின் பி2தான். கேத்தோடு குவெர்செட்டின், நம் வெங்காயத்திலும் இருப்பது. கரண்ட் ஓட ஆக்டிவேட்டட் கார்பன். இரண்டும் ஷார்ட் ஆகாமலிருக்க நடுவே நோரி என்ற கடற்பாசித் தாள், ஜப்பான்காரர்கள் சோற்றைச் சுற்றிச் சாப்பிடுவது. மேலே தேன்மெழுகு உறை. கான்டாக்ட்டுக்குத் தங்கத்தாள், இனிப்பு மேல் ஒட்டும் வெள்ளித்தாள் போல.

கிடைத்தது 0.65 வோல்ட், 48 மைக்ரோ ஆம்பியர், 12 நிமிடம். பெருக்கிப் பார்த்தேன்: சுமார் 31 மைக்ரோ வாட். இதற்கா இத்தனை பாடு என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. 0.65 என்பது 1.23-க்குக் கீழே! தண்ணீர் பிரியாது, காரமும் உண்டாகாது. நாம் குறை என்று நினைத்த வோல்டேஜ்தான் இங்கே பாதுகாப்பு.

இதற்கு முன்பே, 2017 நவம்பரில், சென்சார் வைத்த மாத்திரை ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதில் மக்னீசியமும் தாமிரமும் இருக்கும். வயிற்று அமிலமே எலக்ட்ரோலைட். எலுமிச்சம்பழத்தில் ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி நாம் செய்த செல்லேதான்! விலாவில் ஒட்டிய பட்டைக்கு சிக்னல் போய், மாத்திரை உள்ளே போயாச்சு என்று தெரிந்துவிடும். ஆனால் அதில் இருப்பது சிலிக்கான் சில்லு, உணவில்லை. மிலான் செல் அந்த விஷயத்தில் ஒரு படி மேல்.

குழந்தைகள் பொம்மைக்கும் இது உதவும் என்கிறார்கள். ஆனால் 31 மைக்ரோ வாட்டில் எந்தக் கார் ஓடும்? ஊரிலிருந்து கிளம்பும் முன், அந்த ரிமோட் மூடிக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு முடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.