பதினான்கு மாத்திரையும் ஒரு கையெழுத்தும்

குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க நாடா எறிகிறவருக்குத் தோள்வலி புதிதல்ல. அதனால்தான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவருக்கு விடியற்காலையில் இடது தோள் இறுகி, நெஞ்சு கனத்து, வேர்த்துக் கொட்டினாலும், 'தறி வலிதான்' என்பார்கள். இல்லையென்றால் வாயு. ஓமத் தண்ணீர், சோடா, தைலம் என்று பொழுது போகும். முகூர்த்த மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். சேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

வந்தது மாரடைப்பு என்றால், இந்தப் பொழுதுதான் ஆளைக் கொல்கிறது. இந்தியாவில் 89 மருத்துவமனைகளில் 20,468 பேரைக் கவனித்த 'கிரியேட்' ஆய்வு 2008-இல் லான்செட் இதழில் வந்தது. நோயாளிகளில் பாதிப் பேர் வலி தொடங்கி ஏறத்தாழ 6 மணி நேரம் கழித்தே மருத்துவமனை வாசலை மிதித்திருந்தார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்கள், வசதியானவர்களில் நூற்றுக்கு 5.5, ஏழைகளில் 8.2. கிடைத்த சிகிச்சையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஏழையின் இதயம் பலவீனமானதல்ல. அவருக்கு மருந்து சரியாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு வழி தேடிய ஆய்வு நம் மாநிலத்திலேயே நடந்தது. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் குழுவினரும் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடும் ஆம்புலன்ஸோடும் இணைத்தார்கள். பக்கத்து ஊரிலேயே ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. பிறகு பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம். 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் நேரும் இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்ததை 2017-இல் வெளியிட்டார்கள்.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இதே வழிதான். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருகிறவருக்கு, மாரடைப்பு என்று சந்தேகம் எழுந்தால், 14 மாத்திரைகள் உடனே தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. இதைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்து நீங்களே விழுங்கிவிடாதீர்கள். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிகிறவருக்கு ஆஸ்பிரின் ஆபத்து. மாத்திரை கொடுத்தார்களே என்று வீடு திரும்பவும் கூடாது. 108-ஐ அழைத்து மேல் சிகிச்சைக்குப் போக வேண்டும். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகும் பழக்கம் நம்மூரில் இன்னும் விடவில்லை. வைகாசி கருட சேவையன்று வரதராஜர் கோயில் பக்கம் கூட்டத்தில் அந்த பைக் எந்தச் சந்தில் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உயிர் ஊசலாடும்போது எந்த மருத்துவரும், அரசோ தனியாரோ, முதலுதவி மறுக்கக் கூடாது. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. வலி வருவதற்கு முன்பே அதை வாங்கி வையுங்கள். ஸ்டென்ட் வைத்தால் அதன் விலை, நிறுவனப் பெயர், தொகுதி எண் மூன்றும் பில்லில் தனியாக வர வேண்டும். 2017 முதல் ஸ்டென்டுக்கு அரசு உச்ச விலை இருக்கிறது.

இனி அந்தக் கையெழுத்து. மருத்துவமனையில் நீட்டப்படும் தாள்களெல்லாம் ஒன்றல்ல. ஒன்று சிகிச்சைக்கான சம்மதம். இன்னொன்று, 'அறிவுரையை மீறிப் போகிறேன்' என்பது. மூன்றாவது, ஏதோ ஒரு மருந்தாய்வில் சேர ஒப்புதல். பதற்றத்தில் மூன்றும் ஒரே தாள் மாதிரிதான் தெரியும்.

ஆய்வு என்றதும் 'நம்மை எலியாக்குகிறார்கள்' என்று ஓட வேண்டியதில்லை. மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று ஐயமில்லாமல் காட்டியது 1988-இல் வெளியான 'ஐசிஸ்-2'. 17,187 நோயாளிகள் பங்கேற்றதால் கிடைத்த அறிவு. 14-இல் அந்த 2 மாத்திரை இப்படி வந்தவை.

ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு சேருவது உங்கள் உரிமை. 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகளின்படி, தகவல் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். நோயாளி பேச முடியாத நிலையில் சட்டப்படியான பிரதிநிதி கையெழுத்திடலாம். மறுத்தாலும் பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும், இழப்பீடும் உண்டு. மருந்தாய்வுகளை இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். பதிவெண்ணைக் கேளுங்கள், கல்லூரியில் படிக்கும் பிள்ளை செல்போனிலேயே தேடிப் பார்த்துவிடும்.

தகவல் தாளின் ஒரு பிரதியும், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் பிரதியும் உங்கள் கைக்கு வர வேண்டும். அந்தத் தாளில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். குறை என்றால் முதலில் அங்கே சொல்லுங்கள். மருத்துவரிடம் கேட்கத் தயங்குகிறவர், வார்டை விட்டு வெளியே வந்தவுடன் அந்த எண்ணை ஒரு படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பிவிடட்டும்.