கடதாசிக் கூழ்

"ஐயா, உந்தக் கூழுக்கு நண்டும் போடுறதோ?"

வாணி விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கையில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என்னைக் கேட்ட கேள்வி இது. கடதாசிக் கூழினாற் கிண்ணம் செய்யப்போகின்றோம் என்று நான் சொன்னதே இதற்குக் காரணம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கூழ் என்றால் ஒடியற் கூழ். அதில் நண்டு இல்லாமற் போமா? பிழை அவனதன்று. பிரெஞ்சு மொழியார் இக்கைப்பணியை 'மென்ற கடதாசி' என்று பொருள்படும் ஒரு பெயரால் வழங்குவர். அதனைச் சொல்லியிருந்தால் இன்னும் என்ன கேட்டிருப்பானோ! கடதாசி என்ற சொல்லுந்தான் நம்முடையதன்று, போர்த்துக்கேயரோடு கரையேறியது.

கடதாசியைக் கீற்றாகக் கிழித்து அச்சின்மேல் ஒட்டுவது ஒரு முறை. ஊறவைத்து இடித்துப் பிசைந்து வனைவது மற்றொரு முறை. சிறுவருக்கு இரண்டுங் கலந்ததே ஏற்றது. உடலைக் கீற்றினாலும் விளிம்பையும் அடியையும் கூழினாலும் அமைக்கலாம். அச்சுக்குத் தும்பு நீக்கி வழித்த சிரட்டை போதும். அதனைக் குப்புற வைத்துத் தேங்காயெண்ணெய் தடவினாற் பின்பு கழற்றுதல் எளிது.

கத்தரிக்கோல் வேண்டியதில்லை. கையாற் கிழித்த விளிம்பிலே நார் சிலிர்த்து நிற்கும்; அந்நாரே அடுத்த தாளைப் பற்றிக்கொள்ளும். வெட்டிய விளிம்போ வடுவாய்த் தெரியும். பளபளக்குஞ் சஞ்சிகைத் தாள் நீரை உண்ணாது. பத்திரிகைத் தாளே உகந்தது. முதற்படை தமிழ்ப் பத்திரிகையாயின் அடுத்தது ஆங்கிலப் பத்திரிகையாய் இருத்தல் நன்று. முதற்படையின் எழுத்து எங்கேனும் எட்டிப் பார்த்தால், அவ்விடம் மூடப்படவில்லை என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். இவ்வாறு ஆறு படை. ஈரம் உலராமல் மேலே மேலே ஒட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். ஆதலின் நாளுக்கு ஒரு படைக்கு மேல் ஆகாது. பிள்ளைகளுக்கு இதுவே பெரிய தண்டனை.

பசைக்குக் கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சினோம். பூச்சி அரியாதிருக்க முன்னையோர் பசையிலே துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, விரல் சூப்பும் பிள்ளைகளிடையே கொண்டுவரத் தகாதது. என் அம்மம்மா பழஞ்சுளகின் பொத்தலை அடைக்கும்போது கடதாசிக் கூழோடு வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பார். நாங்களும் அவ்வாறே செய்தோம். மூன்று நாள் வகுப்பறை மணந்தது.

எல்லாரும் கிழிக்க, ஒரு சிறுமி மாத்திரம் கைகட்டி இருந்தாள். ஏன் என்றேன்.

"எழுத்திருக்கிற தாள் ஐயா. சரஸ்வதி கோவிப்பா."

எனக்கு மறுமொழி வரவில்லை. காலிற் பட்ட கொப்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றவேண்டுமென்று முதலாந் தவணையில் அவ்வகுப்புக்குச் சொன்னவன் நானே. அன்றியும், அச்செழுத்துச் சாம்பலானதைக் கண்ட ஊர் இது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை ஏறக்குறைய 97,000 நூல்கள். 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக் காலத்தில், இங்குள்ள பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாள்களிலும் அச்சாயின. 2022 மார்ச்சிலே கடதாசி இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. இவற்றையெல்லாம் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? "கிழிக்கத் தக்கது எது என்று நீயே தெரிந்தெடு, பிள்ளை" என்று மாத்திரம் சொன்னேன்.

அவள் கட்டை அவிழ்த்துப் பிரிக்கத் தொடங்கினாள். விற்பனை விளம்பரம், அரிசி விலை, அதிட்டலாபச் சீட்டு முடிவு ஆகியன ஒருபுறம் போயின. மரண அறிவித்தல்களும் சுவாமி படங்களும் மறுபுறம் போயின. இத்தரம்பிரிப்பில் நான் குறைகாண ஏதுமிருக்கவில்லை. கட்டின் அடியில் ஒரு நினைவு மலர் கிடந்தது. முப்பத்தோராம் நாளில் வீடுதோறுங் கொடுப்பார்களே, அதுதான்: அட்டையிலே முதியவர் ஒருவரின் படம், உள்ளே சிவபுராணம், இறுதியில் வம்சாவளி.

கொண்டுவந்தவன் நண்டு கேட்ட சிறுவன். "அது எங்கட அப்பப்பான்ர. வீட்டை கனக்கக் கிடக்கு. கிழியுங்கோ" என்றான்.

"இது கிழிக்கேலாது" என்று அவனிடமே நீட்டினாள் அவள்.

மறுநாட் காலையில் அவன் என் மேசையருகே வந்து நின்றான். "ஐயா, அம்மா வீடு முழுக்கத் தேடினவ. அது ஒண்டுதான் மிச்சமாம்." குரல் தாழ்ந்திருந்தது.

நூலகம் நிறுவனத்தார் இத்தகைய மலர்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கின்றனர். ஊர் வரலாறு எழுதப் புகுவோர்க்கு அவ்வம்சாவளிகள் பெருந்துணை. நம்மிற் பலரோ அலுமாரி துப்புரவாக்கும் நாளில் அவற்றையே முதலில் எறிகின்றோம். அவனுடைய தாயாரின் சம்மதம் பெற்று, அம்மலரைப் படமெடுத்தபின் திருப்பிக் கொடுத்தேன்.

கிண்ணங்கள் பதினேழு தேறின, நான்கு கோணின. அச்சிறுமி தன் கிண்ணத்தின் வெளிப்புறத்துக்கு மாத்திரம் சிவப்புப் பூசினாள். உட்புறத்தில் அரிசி விலை இன்றும் வாசிக்கக் கிடக்கின்றது. விழாவன்று அதிலே பூ வைத்தோம். கார்த்திகை மழையில் அதன் அடி சற்று நெகிழ்ந்தது. இரண்டு நாள் வெயிலில் வைத்து எடுத்து, இன்னும் ஒரு படை ஒட்டினோம். அதற்கான தாளை அவளே பார்த்தெடுத்துக் கிழித்தாள்.