சிறுநீரக பயாப்சி: மெழுகுக் கட்டியில் இருக்கும் விடை

காலையில் எழும்போது குழந்தையின் கண் இமைகள் வீங்கியிருக்கின்றன. சிறுநீர் நுரைத்துப் போகிறது. பரிசோதித்தால் சிறுநீரில் நிறைய புரதம் இருக்கிறது. மருத்துவர்கள் இதை நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மருந்திலேயே இது கட்டுப்படுகிறது. மருந்து கேட்காத குழந்தைகளுக்கும், இதே தொல்லை வரும் பெரியவர்களுக்கும் பொதுவாக பயாப்சி தேவைப்படும். அதாவது, ஊசி மூலம் சிறுநீரகத்திலிருந்து நூல் போன்ற சிறு துண்டை எடுப்பார்கள். அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அந்தக் கட்டி பல ஆண்டுகள் கெடாது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இரத்தத்தை வடிகட்டும் இடத்தில் போடோசைட் என்ற செல்கள், கைவிரல்களைக் கோத்தது போல நுண்ணிய பாதங்களைப் பின்னி நிற்கின்றன. பாதங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சுமார் 40 நானோமீட்டர்தான். சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்போ சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. இந்த எல்லையை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1873லேயே விளக்கிவிட்டார். எனவே 'மினிமல் சேஞ்ச்' என்ற நோயில் பாதங்கள் தட்டையாகி புரதம் கசிந்தாலும், ஸ்லைடில் எல்லாம் சரியாகவே தெரியும். உறுதிசெய்ய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். அது விலை அதிகம். எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

இதற்குத்தான் புதிய வழிகள் வந்துள்ளன. ஒன்று, லேசர் ஒளியால் அந்த எல்லையைத் தாண்டும் 'ஸ்டெட்' முறை. இதை உருவாக்கிய ஸ்டெஃபான் ஹெல் 2014ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மற்றொன்று, கருவியை மாற்றாமல் திசுவையே பெரிதாக்குவது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட் பாய்டன் குழு 2015ல் இதை வெளியிட்டது. குழந்தைகளின் டயப்பரில் நீரை உறிஞ்சும் பொருளைப் போன்ற ஜெல்லைத் திசுவுக்குள் ஊடுருவச் செய்து தண்ணீர் சேர்த்தால், அது எல்லாப் பக்கமும் சுமார் நாலரை மடங்கு உப்பும். 2017ல் மெழுகில் வைத்திருந்த நோயாளிகளின் திசுக்களிலும் இது பலித்தது. சிறுநீரகப் பாதங்கள் தட்டையானது ஒளி மைக்ராஸ்கோப்பிலேயே தெரிந்தது.

இம்முறைகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில்தான் உள்ளன. இருந்தாலும் நாம் இன்றே செய்ய வேண்டியவை உண்டு. வீக்கமோ நுரையோ தெரிந்தால் கைவைத்தியத்தில் நாட்களைக் கடத்தாமல் சிறுநீரைப் பரிசோதியுங்கள். பயாப்சி செய்தால் ரிப்போர்ட்டையும் அதிலுள்ள கட்டி எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும்போது அந்தக் கட்டியையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கலாம். மீண்டும் ஊசி போடாமலே விடை கிடைக்க அது உதவக்கூடும்.