புக்கிட் பெலண்டோக் உறுமிச் சத்தம் வானொலிக்கு எப்படிப் போய்ச் சேரும்?

இணையத்தில் 'புக்கிட் பெலண்டோக்' என்று தேடிப் பாருங்க. பெரும்பாலும் நிப்பா வைரஸ் பற்றிய பக்கங்கள்தான் வரும். 1998, 1999-இல் மலேசியாவில் பரவிய அந்த நோய் 265 பேரைத் தாக்கியது. 105 பேர் இறந்தார்கள். நெகிரி செம்பிலானில் மிக மோசமாக அடிபட்டது இந்த வட்டாரம். பெலண்டோக் என்றால் சருகுமான், ஊர்ப் பெயருக்கு 'சருகுமான் குன்று' என்று அர்த்தம். அது எத்தனை பேருக்குத் தெரியும்?

போர்ட்டிக்சன் மாவட்டத்தின் இந்தப் பக்கம் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த பூமி. தோட்டம்னா கோயில் இருக்கும், கோயில்னா திருவிழா, திருவிழான்னா உறுமி. நோய் வந்தால் ஊர் தலைப்புச் செய்தி ஆகிவிடுகிறது. நோய் இல்லாத நாளில் அங்கே யார் வாசிக்கிறார்கள், யார் பாடுகிறார்கள் என்று போய்க் கேட்பது யார்? பொது வானொலியில் கலை, பண்பாடு பார்க்கும் அறிவிப்பாளரின் வேலை அதுதான்.

எந்த வானொலி?

ஆர்.டி.எம்.-இன் மின்னல் எஃப்.எம். ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் அதில் ஒலித்தது. உங்க தாத்தா, பாட்டி இதை 'ரேடியோ 6' என்று சொல்லிக் கேட்டிருப்பீங்க.

தோட்டத்துக்கும் வானொலிக்கும் உள்ள உறவு கொஞ்சம் விசித்திரமானது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் ஊரே கூடிக் கேட்கும் பொது வானொலிப் பெட்டிகளை அரசாங்கம் வைத்தது. கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிரான பிரச்சாரம் மக்களிடம் சேர வேண்டும் என்பது அதன் கணக்கு. ஆனால் பிரச்சாரத்துக்காக மட்டும் யாராவது பெட்டி முன்னால் உட்காருவார்களா? பாட்டும் வேண்டுமே!

பிறகு வானொலியே எழுத்தாளர்களின் பட்டறையும் ஆனது. நாவலாசிரியர் ரெ. கார்த்திகேசு (மறைவு 2016) பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆவதற்கு முன்பு மலேசிய வானொலியில் ஒலிபரப்பாளராக இருந்தவர்.

அறிவிப்பாளர் என்னதான் செய்கிறார்?

மைக் முன்னால் பேசுவது வேலையில் சின்னப் பங்கு. உறுமியையே எடுத்துக்கோங்க. ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போதுதான் அந்த உறுமல் வருகிறது; மறுபக்கம் அடி விழும். மைக்கைப் பக்கத்தில் நீட்டினால் அடி மட்டும் வெடித்து, உறுமல் கரைந்துபோகும். அதனால் பதிவு செய்பவர் தள்ளி நின்று ஒரு முறை, நெருங்கி ஒரு முறை எடுப்பார். ஒரு மணி நேர வாசிப்பிலிருந்து ஒலிபரப்பில் போவது சில நிமிடங்கள்தான்.

காவடியின் நிறத்தைக் காட்ட வானொலியால் முடியாது. அதைச் சொல்லால் நிரப்ப வேண்டும்: யார் வாசிக்கிறார், யாரிடம் கற்றார், ஏன் இந்த இடத்தில் தாளம் மாறுகிறது. இதுக்கு நேரம் வேணும். தனியார் நிலையத்தில் விளம்பரதாரர் கேட்காத ஒரு தோட்டத்து பஜனைக் குழுவுக்குப் பத்து நிமிடம் கிடைப்பது கஷ்டம். அரசு நிலையத்திலும் விளம்பரம் உண்டு. ஆனால் அது மக்கள் வரிப்பணத்தில் நடப்பதால், 'எங்க ஊருக்கும் வாங்க' என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஏன் இப்போது அவசரம்?

தோட்டங்கள் சுருங்கி வருகின்றன. பக்கத்து மாவட்டமான சிப்பாங்கில் 1998-இல் திறந்த விமான நிலையம் செம்பனை நிலத்தின் மேல் எழுந்தது. லயத்து வீடுகள் காலியானபோது குடும்பங்கள் நீலாய், சிரம்பான் என்று பிரிந்தன. கோயிலைச் சில இடங்களில் வேறு நிலத்துக்கு மாற்றலாம். பால் வெட்டும்போது பாடிய பாட்டை அப்படி மாற்ற முடியாது, அது பாடிய ஆயாவோடு போய்விடும்.

அறிவிப்பாளர் தானாகக் கண்டுபிடித்து வருவார் என்று காத்திருக்காதீங்க. நிலையத்துக்கு எழுதும்போது திருவிழா போஸ்டரை மட்டும் அனுப்பினால் அது நூறு போஸ்டரில் ஒன்று. தேதி, வாசிப்பவர் பெயர், அவர் யாரிடம் கற்றார், தொடர்பு எண் எல்லாம் சேர்த்து அனுப்புங்க. கூடவே கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிட ஒலிப்பதிவு. முதலில் பாடுபவரிடம் அனுமதி கேளுங்க. ஒப்பாரி பாடத் தெரிந்த பல பாட்டிகளுக்கு, சாவு வீடு இல்லாத நாளில் அதைப் பாடப் பிடிக்காது.