துடிப்பை அடக்கும் ஔஷதமும் அதன் விபரீதமும்

இருதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னர் அதன் தசையெங்கும் ஒரு மின்னலை பரவுகிறது. தசையணுக்களின் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து, வெளியிலுள்ள சோடியம் அயனிகள் கணத்தில் உட்புகுவதாலேயே அவ்வலை எழுகிறது. அது வழிதவறி ஒரே வட்டத்தில் சுழலவோ, முளைக்கக் கூடாத இடத்தில் முளைக்கவோ நேர்ந்தால் படபடப்பும் மயக்கமும், சில சமயம் மரணமுமே சம்பவிக்கின்றன. அவ்வாயில்களை ஓரளவு அடைத்து, அலையின் ஓட்டத்தைத் தளர்த்தி, சுழற்சியை அறுப்பதே குவினிடின், லிடோகெயின், ஃப்ளெக்கனைடு முதலிய மருந்துகளின் காரியம்.

இவ்வகையில் மூத்தது சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. மலேரியாவுக்குக் கொயினா தின்று பழகிய டச்சு வியாபாரி ஒருவர், தாறுமாறாக ஓடும் தம் நாடியை அதனாலேயே ஒழுங்குபடுத்திக் கொள்வதாக 1912-இல் வென்கபாக் என்ற வைத்திய நிபுணரிடம் சொன்னாராம். நோயாளி சொன்னதைச் செவிமடுத்த வைத்தியரையும் நாம் பாராட்டத்தான் வேண்டும். கொயினாவின் உறவான குவினிடினே இதில் வல்லது என்பதை 1918-இல் வால்டர் ஃப்ரே நிலைநாட்டினார்.

ஆயினும் அலையைத் தளர்த்தும் மருந்தே, மாரடைப்பால் தழும்பேறிய தசையில் அவ்வலை சுழல்வதற்குப் புதிய வழியையும் திறந்துவிடக் கூடும். மாரடைப்புக்குப் பின் இடையிடையே மிகைத்துடிப்புக் காணும் நோயாளிகளுக்கு, அத்துடிப்பை அடக்கினால் ஆயுள் நீளும் என்று நம்பி, அமெரிக்காவில் பெரியதொரு பரிசோதனை தொடங்கினார்கள். மருந்தால் துடிப்பு அடங்கியது நிரூபணமானவர்களையே அதில் சேர்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. என்கனைடோ ஃப்ளெக்கனைடோ உண்ட 755 பேரில் 63 பேர் மாண்டனர். வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் மாண்டவர் 26 பேரே. 1989-இல் பரிசோதனையில் அம்மருந்துகளைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இ.சி.ஜி. தாளில் கோடு அழகாக விழுவது வேறு, உயிர் பிழைப்பது வேறு என்று வைத்திய உலகம் அன்று கற்றது.

இதனால் மருந்தையே வெறுத்துவிட வேண்டியதில்லை. தழும்போ வீக்கமோ இல்லாத இருதயத்தில் மேலறைத் துடிப்புக் கோளாறுக்கு ஃப்ளெக்கனைடு இன்றும் நற்பயன் தருகிறது. எனவே இவ்வகை மருந்து எழுதப்படும்போது, எக்கோ பார்த்தாயிற்றா, பழைய மாரடைப்பின் அடையாளம் உண்டா, மறுபடி இ.சி.ஜி. எப்போது எடுப்பது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று; மருந்தின் பயனையும் அபாயத்தையும் அறிவது நோயாளியின் உரிமை. அண்டை வீட்டாரின் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்குவதும், பழைய சீட்டையே வருஷக்கணக்கில் நீட்டுவதும், வயிற்றுப்போக்கு வந்து உடலில் பொட்டாசியம் குறைந்திருப்பதை வைத்தியரிடம் மறைப்பதும் பேராபத்து. தாமாகவே மருந்தை நிறுத்துவதும் அப்படியே. மருந்து தொடங்கியபின் புதிதாக மயக்கமோ, முன்னினும் கடுமையான படபடப்போ கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து, உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

சிகிச்சைப் பதிவேடுகளை நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் வைத்தியர் தந்தாக வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. மருந்தின் தீய விளைவை, காரணம் ஊர்ஜிதமாகாவிடினும், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யாரும் தெரிவிக்கலாம். வைத்தியர் அஜாக்கிரதையாக இருந்ததாகக் கருதுவோர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம்; அங்கே முதலில் கேட்கப்படுவது அந்தப் பதிவேடுகளும் இ.சி.ஜி. தாள்களுமே. இ.சி.ஜி. தாளின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். ஆதலால் பிரதி எடுத்து வைப்பது உசிதம்.