மயோனைஸ் இல்லாத சிக்கன் சாலட்

நியூயார்க்கின் வால்டார்ஃப் ஹோட்டலில் விருந்தினர் உபசரிப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆஸ்கர் செர்க்கி. அவர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூலில் வால்டார்ஃப் சாலட்டுக்குச் சொன்ன பொருள்கள் ஆப்பிள், செலரி, மயோனைஸ் மட்டுமே. வால்நட் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. 1953-இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது லண்டனில் ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் ஒரு குளிர்ந்த கோழி உணவை உருவாக்கினார்கள். அதில் கோழி, ஆப்ரிகாட் பழம், கறிப்பொடி ஆகியவற்றோடு மயோனைஸும் இருந்தது.

இந்த உணவுகளில் வரும் கோழியும் பழமும் பருப்பும் உடலுக்கு நல்லவை. கவனிக்க வேண்டியது இரண்டிலும் உள்ள மயோனைஸைத்தான்.

கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது?

தோல் நீக்கி வேகவைத்த 100 கிராம் நெஞ்சுக்கறியில் சுமார் 31 கிராம் புரதமும் 165 கலோரியும் உண்டு. மயோனைஸிலோ பெரும்பகுதி எண்ணெய். ஒரு மேசைக்கரண்டியிலேயே 90 கலோரிக்கு மேல் இருக்கும். இரண்டு கரண்டி சேர்த்தாலே அது கறியின் கலோரியைத் தாண்டிவிடும்.

பச்சை முட்டையில் செய்த மயோனைஸில் சால்மோனெல்லா கிருமி இருக்கும் ஆபத்தும் உண்டு. இதனால்தான் தமிழக அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது. மயோனைஸின் இடத்தில், மெல்லிய துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரைப் போடலாம். எண்ணெய் குறையும், புரதம் கூடும்.

இருவருக்கு ஒரு சாலட்

எலும்பில்லாத நெஞ்சுக்கறி 200 கிராம், கெட்டித் தயிர் அரை கப், ஆப்பிள் ஒன்று, விதையில்லாத திராட்சை ஒரு கைப்பிடி, வெள்ளரிக்காய் பாதி, வறுத்த வால்நட் அல்லது பாதாம் 30 கிராம், எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், உப்பு, புதினா.

கறியை இஞ்சித் துண்டும் உப்பும் சேர்த்த நீரில் மெல்லிய தீயில் வேகவைக்க வேண்டும். நடுப்பகுதியின் வெப்பம் 74 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் வெந்ததாகக் கணக்கு. ஆறிய பிறகு நார் நாராகப் பிய்க்கலாம். சூட்டோடு கலந்தால் தயிர் நீர்த்துவிடும். ஆப்பிள் கறுக்காமலிருக்க, நறுக்கியதும் எலுமிச்சைச் சாற்றில் புரட்டுவது நல்லது. பருப்பைப் பரிமாறும்போது தூவினால்தான் மொறுமொறுப்பு நிற்கும்.

பழமும் பருப்பும் எப்படித் தேர்வது?

கொய்யாவும் மாதுளையும் தயிரோடு நன்றாகச் சேரும். கொய்யாவில் வைட்டமின் சி ஏராளம். சமைக்காத அன்னாசியைத் தவிர்க்கலாம். அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி தயிரின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும்.

வால்நட்டில் தாவர வகை ஒமேகா-3 கொழுப்பு உண்டு. அது விலை அதிகம் என்பவர்களுக்கு வறுத்த வேர்க்கடலை இருக்கிறது. 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம். ஆனால் பருப்பு வகைகள் கலோரி மிகுந்தவை என்பதால் ஆளுக்கு ஒரு சிறு கைப்பிடி போதும். ஒவ்வாமை உள்ளவர்கள் இவற்றை அறவே தவிர்க்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுத் திராட்சையோ முழுப் பருப்போ கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டியும், பருப்பைப் பொடித்தும் கொடுக்கலாம்.

கிருமி நுழையும் வழிகள்

பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர் கிருமிகளைச் சமையலறை முழுக்கப் பரப்பும். வேகவைப்பதே அவற்றைக் கொல்லும். கறி வெட்டிய பலகையிலேயே ஆப்பிளை நறுக்குவது அதைவிட ஆபத்து, ஏனென்றால் பழம் அடுப்பேறாமல் அப்படியே வாய்க்குப் போகிறது. பலகையும் கத்தியும் தனித்தனியாக இருக்கட்டும்.

சாலட்டை மறுபடி சுடவைத்து உண்பதில்லை. அதனால் செய்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் ஒரு மணி நேரம்தான் கெடு. ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே மூன்று நாள் தாங்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இதைப் பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ கொடுத்தனுப்புவதாக இருந்தால், ஐஸ் பை வைத்த டப்பாவில் மட்டும் அனுப்புங்கள். அந்த வசதி இல்லாத நாளில் வீட்டிலேயே செய்து உடனே சாப்பிட்டுவிடுங்கள்.