வீட்டில் படிச்ச பிள்ளைக்கு காலேஜ் சீட் கிடைக்குமா? கிடைக்கும்... ஆனா சலுகை போயிடும்!

பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்த பிள்ளைகளை காலேஜில் சேர்ப்பார்களா? உடம்பு சரியில்லாமல் பாதியில் நின்றவர்கள், வேலை தேடி ஊர் ஊராகப் போகும் பெற்றோரோடு அலைந்தவர்கள் வீட்டிலும் இதே கவலைதான். சேர்ப்பார்கள். ஆனா கையில் பிளஸ்-2 சான்றிதழ் இருக்கணும்.

அதை வாங்க ஒரு வழி, மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.). 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்பு எழுதலாம். எட்டாவது பாஸ் சான்றிதழ் இல்லாட்டியும் பரவாயில்லை. 15 வயது முடிந்து, பத்தாவது பாஸ் செய்திருந்தால் பிளஸ்-2. ஆனால் இரண்டுக்கும் நடுவே 2 வருஷ இடைவெளி வேணும். வருஷத்துக்கு இரண்டு தடவை பரீட்சை. ஒரு பாடத்தில் கோட்டை விட்டாலும் 5 வருஷத்துக்குள் 9 வாய்ப்பு உண்டு. அறிவியல் எடுத்தால் செய்முறைத் தேர்வு இருக்கு, அதற்கு நேரில் போயாகணும்.

பாடம் எடுக்கும்போதே உஷார்! என்ஜினீயரிங் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல். டாக்டர் ஆசை என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு காலத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வில் தடை இருந்தது. அது நீங்கி விட்டது 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. இனி 'நீட்' எழுத பயமில்லை.

இடிக்கும் இடம் வேறு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லும், என்ஜினீயரிங்கில் 2021-லும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. ஆறாவது முதல் பிளஸ்-2 வரை கணக்குப் பார்த்துத்தான் அதைத் தருகிறார்கள். வீட்டில் படித்தவர்களுக்கு அது கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தர 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும் இதே கணக்குதான். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது சின்ன இழப்பா? ஐந்தாவதோடு பிள்ளையை நிறுத்த நினைப்பவர்கள் இதை யோசித்துவிட்டு நிறுத்தட்டும்.

'பத்தாவது, பிளஸ்-2 எதுவும் வேண்டாம், நேரா டிகிரி' என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாற வேண்டாம். அப்படி வாங்கிய பட்டம் அரசு வேலைக்கு செல்லாது என்று தமிழக அரசு 2009-லேயே உத்தரவு போட்டுவிட்டது.

காலேஜில் சேரும்போது 'டி.சி. எங்கே?' என்று கேட்பார்கள். பதற வேண்டாம். பாஸ் செய்தவர்களுக்கு மார்க் ஷீட்டோடு மாற்றுச் சான்றிதழையும் திறந்தநிலைப் பள்ளியே கொடுத்துவிடுகிறது.